அருங்காட்சியகத்தில் ஒரு கலியாணம்

உடுப்பிட்டியிலிருந்து பட்டினத்துக்கு பஸ் ஏறுவதற்கு எனக்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. புத்தக வெளியீடு, கண்காட்சி, பாராட்டு விழா, நினைவுப் பேருரை, எதுவானாலும் போய் ஒரு கதிரையில் இருந்துவிடுவேன். யாருடைய புத்தகம், யாருக்குப் பாராட்டு என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கலியாண வீடு என்றால் அவர்கள் வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். சந்தையில் கண்டபோது வாயால் சொல்லிவிட்டுப் போனால் அது எங்கள் ஊர்க் கணக்கில் சேராது, ஒருவரும் போகமாட்டார்கள். கூட்டங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அங்கே எப்போதும் கதிரைகள் கூட, ஆட்கள் குறைவு. நான் போய் இருந்தால் கூட்டம் வைத்தவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். என் வீட்டில் நான் கதிரையில் இருப்பதைக் கண்டு சந்தோஷப்பட ஒருவரும் இல்லை.

கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் காலத்தில் நாள் முழுக்க வாய் ஓயாது. அரிசி வந்ததோ, மண்ணெண்ணெய் எப்போது வரும், சீனி ஏன் குறைகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிடும். இந்தச் சனத்திடமிருந்து எப்போது விடுதலை என்று சலித்துக்கொள்வேன். விடுதலை நன்றாகவே கிடைத்தது. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவுக்குப் போய்விட்டாள். இப்போது சில நாட்களில் பின்னேரம் ஆனபிறகுதான் காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்பது ஞாபகம் வரும். உடனே கிணற்றடிக்குப் போய் காகத்தையாவது ஏசிவிட்டு வருவேன்.

வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நகரத்து அருங்காட்சியகங்களை நாள் முழுக்கத் திறந்து வைக்கிறார்கள், எல்லாம் இலவசம், கலை நிகழ்ச்சிகளும் உண்டு என்று எங்கள் வாசிகசாலையில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கடைசி வரியில் 'பொதுமக்கள் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்' என்று இருந்தது. அன்புடன் என்று போட்டிருக்கிறார்களே, போகாமல் விடக்கூடாது என்று முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டேன்.

முதலில் போன இடத்தில் பழைய நாணயங்கள் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். கேட்டவர்களை ஒரு ஓட்டோவில் ஏற்றிவிடலாம். நாணயம் பற்றி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி நன்றாகச் சுழன்றது, முடிவில் வடையும் தேத்தண்ணீரும் தந்தார்கள். பேராசிரியர் இறங்கி வந்து என்னிடம், "அம்மா, உங்களுக்கு இதிலை நல்ல ஈடுபாடு போலை" என்றார். "ஓம்" என்றேன். அவருக்கும் வீட்டில் பேச ஆள் இல்லையோ என்னவோ.

மத்தியானத்துக்கு முன்பே இரண்டாவது அருங்காட்சியகத்துக்கு நடந்து போனேன். பெரிய வளவுக்குள் பழைய நாற்சார் வீடு. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் பெட்டகம், பாக்குவெட்டி, பித்தளைச் செம்பு எல்லாம் வைத்திருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் இரும்புத் தராசும் படிக்கற்களும் இருந்தன. நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு நொந்த அதே சாமான். 'தொடவேண்டாம்' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. நான் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் என்னையும் உள்ளே வைத்து ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள்.

முற்றத்துக்கு வந்தபோதுதான் பந்தலைக் கண்டேன். வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டு, நடுவில் மணவறை. வாசலில் ஒரு பலகையில் 'யாழ்ப்பாணத்துக் கலியாண வீடு: செய்து காட்டல்' என்று எழுதியிருந்தது. திரும்பிப் போய்விடுவோம் என்று நினைத்தேன்.

ஏனென்று சொல்கிறேன். என் மகளின் கலியாணம் ரொறன்ரோவில் நடந்தது. எனக்கு விசா கிடைக்கவில்லை. ஊரில் எனக்கென்று ஒருவரும் இல்லாததால் நான் திரும்பிப் போகமாட்டேன் என்று நினைத்தார்களாம். தனியாக இருப்பவளை அதே காரணம் சொல்லித் தனியாக விடுவது நல்ல நியாயம்தான். கலியாணத்தன்று விளக்கு வைத்த நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துத் தந்தாள். நான் கூறைச்சீலை மாதிரி ஒரு பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு அதன் முன்னால் இருந்தேன். தாலி கட்டும் நேரம் படம்பிடிப்பவர்கள் எல்லோரும் மணவறையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பார்த்தது அவர்களின் முதுகுகளைத்தான். அதில் ஒருவரின் சேட் பின்பக்கம் வியர்த்து நனைந்திருந்தது. என் மகளின் கலியாணத்தில் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது அந்த வியர்வை.

விசா கிடைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. தாரை வார்த்துக் கொடுத்தது அங்கேயே இருக்கும் என் தம்பியும் அவன் மனைவியும். தகப்பன் இல்லாவிட்டால் சோடியாக இருப்பவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும். தாய் விதவை என்றால் எங்காவது பின்னால் இருக்க வேண்டும். இப்போது அப்படியெல்லாம் ஒருவரும் பார்ப்பதில்லை என்பார்கள். பார்ப்பார்கள். வாயால் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு மணவறையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். சடங்கு முடிந்து எல்லோரும் அறுகரிசி போடும்போது நானும் போய், அறுகம்புல்லும் அரிசியும் இரண்டு கைகளிலும் அள்ளி, பிள்ளையின் முழங்காலிலும் தோளிலும் தலையிலும் வைத்து, நல்லாயிரு என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒன்றுதான் என் நெஞ்சில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆகவே திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் திரும்பினால் அடுத்தது வீடு. போய் ஓர் ஓரக் கதிரையில் இருந்தேன்.

பந்தலுக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். கூறைச்சீலை, நெற்றிப்பட்டம், கழுத்து நிறையப் பித்தளை நகை.

"அன்ரி, ஒருக்கா வாறியளே? உது கழண்டு விழப்போகுது. உங்களுக்குச் சீலை உடுத்தத் தெரியுமோ?"

"தெரியாமலோ உடுத்திக்கொண்டு நிக்கிறன்?" என்று எழுந்து போனேன்.

கொசுவத்தைப் பிரித்து மறுபடி மடித்து, ஊசி குத்தினேன். பல்கலைக்கழகத்துப் பிள்ளையாம். மாப்பிள்ளை வேடத்தில் தலைப்பாகையோடு பக்கத்தில் இருந்ததும் ஒரு பெண்பிள்ளைதான். மையால் கீறிய மீசை ஒரு பக்கம் வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"மாப்பிள்ளைக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளையும் கிடைக்கேல்லையோ?"

"அம்மா விடேல்லை அன்ரி" என்றாள் கூறை உடுத்தவள். "எனக்கு ஆவணியிலை கலியாணம் முற்றாகியிருக்கு. பொம்பிளைப் பிள்ளை மாப்பிள்ளையாய் நிண்டால் நடி, தாலி மட்டும் கட்டக்கூடாது, தட்டிலை வைச்சுக் காட்டினால் போதும் எண்டு சொல்லித்தான் விட்டவா."

"அம்மா வந்திருக்கிறாவோ?"

"ஓம், கொடிகாமத்திலை இருந்து வந்தவா. அந்தா, வேப்பமரத்தடியிலை நிக்கிறா. தாயாய் நிக்கச் சொல்லி அவவைத்தான் முதலிலை கேட்டவை. மாட்டன் எண்டிட்டா. அப்பா இல்லைத்தானே எங்களுக்கு."

ஏதோ மழை இல்லைத்தானே என்பதுபோல அதைச் சொன்னாள். நான் யன்னலால் பார்த்தேன். பந்தலில் அத்தனை கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, மெலிந்த ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள்.

அப்போது, நிகழ்ச்சியை நடத்திய இளம் விரிவுரையாளர் ஒலிவாங்கியும் கையுமாக ஓடிவந்தார். தாயாக நிற்க ஒப்புக்கொண்ட வேறொரு அம்மா வரவில்லையாம், தொலைபேசியும் எடுக்கிறாவில்லையாம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அன்ரி, நீங்கள் பொம்பிளையின்ரை அம்மாவாய் நிக்கிறியளோ? ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

நான் என் நெற்றியில் எப்போதும் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைப்பேன். அது ஒருவருக்கும் எதையும் சொல்லாது. கழுத்தில் மெல்லிய சங்கிலி. கள்ளருக்குப் பயந்து தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு இப்படி ஒரு சங்கிலியோடு வருவது இப்போது வழக்கம். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு என்னைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. நான் சொல்லத்தான் வேண்டும். ஆவணியில் கலியாணம் இருக்கும் பிள்ளை. பெற்ற தாயே பயந்து மரத்தடியில் நிற்கிறாள். இது எல்லாம் தெரிந்துகொண்டும் என் வாயிலிருந்து "ஓம்" என்றுதான் வந்தது. அவ்வளவு ஆசை எனக்கு. அதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தகப்பனுக்கு ஆள் தேடினார்கள். கடைசியில் அருங்காட்சியகத்துக் காவலாளியைப் பிடித்து, அவருடைய காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றி, சால்வை போட்டு என் பக்கத்தில் நிறுத்தினார்கள். மனிதர் என் பக்கம் குனிந்து கேட்டார்.

"அக்கா, என்ன செய்யோணும் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லித் தாங்கோ."

"பெண்சாதியை அக்கா எண்டு கூப்பிடுற முதல் மனுசன் நீர்தான்" என்றேன். முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆட்கள் என் பகிடிக்குச் சிரித்து எத்தனை நாள்.

கலியாணம் தொடங்கியது. விரிவுரையாளர் ஒவ்வொரு சடங்குக்கும் விளக்கம் சொன்னார். சபையில் இருப்பவர்கள் எல்லோரும் கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பாடசாலைப் பிள்ளைகள் கொஞ்சம், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒரு குடும்பம், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் சிலர். தாரை வார்க்கும்போது காவலாளியின் கைக்கு மேல் என் கை, அதற்கு மேல் பிள்ளையின் கை. செம்பிலிருந்து தண்ணீர் விட்டார்கள். தாலியைத் தட்டில் தேங்காயின்மேல் வைத்துச் சபைக்குக் காட்டினார்கள். "கட்டியாச்சு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் விரிவுரையாளர். எல்லோரும் நினைத்துக்கொண்டு அமைதியாக இருந்தோம். கெட்டிமேளம் ஸ்பீக்கரில் வரவேண்டும், வரவில்லை. யாரோ வயரைச் சரிசெய்ய, தட்டை உள்ளே கொண்டுபோன பிறகு மேளம் முழங்கியது.

"இப்ப பெற்றோர் முதல் அறுகரிசி போடுவினம்."

கிண்ணத்தில் கையை வைத்தேன். மஞ்சள் அரிசி, ஈரம் காயாத அறுகம்புல். வேப்பமரத்துப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அந்தப் பெண் மரத்தை விட்டு இரண்டடி முன்னுக்கு வந்து நின்றாள். நிறுத்தப் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. சங்கக்கடையில் ஒருவர் சண்டைக்கு வருகிறாரா சாமானுக்கு வருகிறாரா என்று நடையிலேயே சொல்லக்கூடியவள் நான். கையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எடுக்கவில்லை.

முழங்கால், தோள், தலை. மூன்று தரம். பிள்ளையின் தலை சூடாக இருந்தது. மல்லிகைப்பூவும் எண்ணெயும் வியர்வையும் கலந்த மணம். "நல்லாயிரு பிள்ளை" என்றேன். ஒலிவாங்கி எங்கோ இருந்தது, ஒருவருக்கும் கேட்டிராது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் மகளின் பல்வரிசை வேறு, கண் வேறு, ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் என் கண் நிறைந்துவிட்டது. சபை கைதட்டியது. நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்து வந்தவர்களுக்குப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் கொடுத்தார்கள். காவலாளி வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தன் வாசலுக்குப் போய்விட்டார். நான் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தத் தாய் வந்தாள்.

"அக்கா, வடிவாய்ச் செய்தியள். பெரிய உபகாரம்." பிறகு சற்றுத் தயங்கி, "அண்ணை வெளிநாட்டிலையோ?" என்று கேட்டாள்.

என் கணவரைத்தான் கேட்டாள், பொய் சொல்ல இடம் தந்துதான் கேட்டாள். "இல்லைத் தங்கச்சி" என்றேன். "அவர் காலமாகிக் கனகாலம்."

ஏச்சு வாங்குவதற்குத் தயாராக நின்றேன். நியாயமான ஏச்சு. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் பந்தல் அதிர ஏசியிருப்பேன்.

"எனக்கும் ஐமிச்சமாய்த்தான் இருந்தது" என்றாள். "நிப்பாட்டுவம் எண்டு ரெண்டடி வந்தனான். பிறகு உங்கடை முகத்தைப் பாத்தன். விட்டிட்டன்."

நாள் முழுக்கப் பேச ஆள் தேடித் திரிந்தவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. மகளின் கலியாணத்தைப் பற்றிச் சொன்னேன். விசா, சீனிப் போத்தல், படம்பிடிப்பவர்களின் முதுகு. ஒருவரிடமும் சொல்லாததை இன்னார் என்று தெரியாத ஒருத்தியிடம் சொன்னேன்.

மணவறைக்கு முன்னால் கிண்ணத்தில் இன்னும் அரிசி மீதி இருந்தது. பிள்ளை அறைக்குள் நகை கழற்றிக்கொண்டிருந்தாள். நான் கிண்ணத்தை எடுத்துத் தாயிடம் நீட்டினேன்.

"இந்தாரும். பிள்ளை இன்னும் கூறையோடைதான் நிக்கிது. போய்ப் போடும். ஒருத்தரும் பாக்கேல்லை."

"ஐயோ, வேண்டாம் அக்கா."

"விளையாட்டுக் கலியாணம்தானே?"

"விளையாட்டுத்தான். எண்டாலும் நீங்கள் பிறத்தி, உங்கடை கை ஒண்டும் செய்யாது. நான் பெத்தவள் எல்லே. எனக்குப் பயமாய்க் கிடக்கு."

"அப்ப ஆவணியிலையும் மரத்தடிதானோ?"

"ஓம்" என்றாள். ஒரு வருத்தமும் காட்டாமல், சங்கக்கடையில் பெயர் கூப்பிட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் இவளைப் பின்னால் போகச் சொன்னது என்று சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. சத்தம் போட ஆளைத்தான் காணவில்லை. அவளை ஒருவரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே போய் நின்றாள். என்னையும் அன்று ஒருவரும் போகச் சொல்லவில்லை. தம்பி தாரை வார்க்கட்டும் என்று தொலைபேசியில் முதலில் சொன்னவள் நான்தான். பிடிவாதம் பிடித்து அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவளுடைய பயம் உண்மையான பயம். கிண்ணத்தைத் திரும்ப வைத்தேன்.

வெளிவாசல் வரை ஒன்றாக நடந்தோம். மகள் உடுப்பு மாற்றிக்கொண்டு வர, தாயும் மகளும் ஓட்டோவில் ஏறினார்கள். ஏறிய பிறகு அந்தப் பெண் தலையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஆவணியிலை கலியாணத்துக்கு வாங்கோ. எனக்குப் பக்கத்திலை இருக்கலாம்."

"கட்டாயம் வாறன்" என்றேன்.

ஓட்டோ திரும்பி மறைந்தது. எந்த நாள், எந்த மண்டபம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பெயரும் ஊரும்கூட அவளுக்குத் தெரியாது. பஸ் நிலையத்துக்கு வந்து, யன்னலோரம் இடம் பிடித்து இருந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. இறங்கிப் போய் விரிவுரையாளரிடம் கேட்டால் விலாசம் கிடைக்கும். வழியில் கண்டு சொன்ன கலியாணத்துக்கு விலாசம் விசாரித்துக்கொண்டு போகிறவள் என்று பெயர் எடுக்க வேண்டுமா? பஸ் புறப்பட்டது. நான் இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு பின்னேரம் மகள் வழக்கம்போலக் கூப்பிட்டாள். அங்கே அவளுக்குக் காலை. என்ன சமைத்தீர்கள், குளிசை போட்டீர்களா என்ற வழக்கமான கேள்விகள் முடிந்தன.

"வேறை என்ன புதினம் அம்மா?"

"ஒண்டுமில்லை. ஆவணியிலை ஒரு கலியாணம் கிடக்கு, கொடிகாமப் பக்கம்."

"ஆற்றை கலியாணம்?"

"உனக்குத் தெரியாத ஆக்கள்."

"அவ்வளவு தூரம் தனியவோ போகப்போறியள்? அங்கை போய் ஒரு மூலையிலை தனிய இருக்கப் போறியள் அம்மா, எனக்குத் தெரியும்."

"சும்மா யோசிக்காதை பிள்ளை" என்றேன். "பக்கத்திலை இருக்க ஆள் இருக்கு."